மழையில்லாத மாதத்தில் வரும் வெள்ளம்

ஜூலை மாதம். போட்ஸ்வானாவின் வடக்கே உள்ள மவுன் நகரில் கடைசி மழை பெய்து மூன்று மாதம் ஆகியிருக்கும். புல் காய்ந்து மஞ்சளாகியிருக்கும். காற்றடித்தால் கலகாரி மணல் தெருவில் புரளும். முந்தைய ஆண்டின் தண்ணீர் வற்றிப்போயிருந்தால், ஊரை ஒட்டிச் செல்லும் தமலகானே ஆற்றுப்படுகையில் ஆடுமாடுகளின் குளம்புத் தடங்கள்தான் மிஞ்சியிருக்கும். அப்படியொரு நாளில், வானத்தில் பொட்டு மேகம்கூட இல்லாதபோது, ஆற்றில் தண்ணீர் வரும்.

அது இரைச்சலோடு வருவதில்லை. ஒரு விரற்கடை ஆழத்துக்கு, மணலை நக்கியபடி மெல்ல ஊர்ந்து வரும். அதன் முன்விளிம்பில் சருகும் புல்விதையும் அழுக்கு நுரையும் சேர்ந்து ஒரு கோடாக மிதக்கும். பக்கத்தில் குனிந்து பார்த்தால், முன்னே நகரும் தண்ணீரைவிட மணலுக்குள் இறங்கும் தண்ணீரே அதிகம் என்று தோன்றும். நண்டுவளை போன்ற சிறு துளைகளிலிருந்து காற்று குமிழியிட்டு வெளியேறும். நீர் புகுந்ததும் வண்டும் சிலந்தியும் வெட்டுக்கிளியும் அலறியடித்துக்கொண்டு வெளியே ஓடும். அவற்றைக் கொத்துவதற்காகக் கொக்குகள் தண்ணீரின் ஓரத்திலேயே அடிமேல் அடிவைத்து நடந்து வரும். சில நாட்களில் அந்த ஈரக்கோடு ஆறாகிவிடும்.

இந்த நாட்டின் நாணயத்துக்குப் பெயர் ‘பூலா’. சேட்சுவானா மொழியில் அதற்கு மழை என்று பொருள். மழையைப் பணத்துக்குப் பெயராக வைக்கும் அளவுக்கு வறண்ட நாட்டின் நடுவே, உலகின் மிகப் பெரிய உள்நாட்டு டெல்டாக்களில் ஒன்று விரிந்து கிடக்கிறது. அதுதான் ஒகவாங்கோ. 2014-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் 1,000-மாவது இடமாகச் சேர்க்கப்பட்டது. 130 வகைப் பாலூட்டிகளும் 480-க்கும் மேற்பட்ட பறவை வகைகளும் வாழும் இந்த ஈரநிலத்தைப் பார்க்க ஆண்டுதோறும் உலகின் எல்லா மூலைகளிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். அவர்களில் பலர் கேட்கும் முதல் கேள்வி, ‘சிங்கம் எந்த மாதம் நன்றாகத் தெரியும்?’ என்பது. அனுபவமுள்ள வழிகாட்டிகள் அதற்கு முன்னால் வேறொரு கேள்வியை வைக்கிறார்கள்: ‘தண்ணீர் இப்போது எங்கே இருக்கிறது?’

கடைமடைக்கு வரும் தண்ணீர்

மவுனுக்கு ஜூலையில் வந்து சேரும் தண்ணீர், அங்கோலாவின் மேட்டுநிலங்களில் டிசம்பர் முதல் மார்ச் வரை கொட்டிய மழை. அங்கே குபாங்கோ, குவிட்டோ என்ற இரண்டு ஆறுகள் பிறக்கின்றன. குபாங்கோ அவசரக்காரி; மழை பெய்ததும் பொங்கி ஓடிவருவாள். குவிட்டோவின் நீர் மணலிலும் கரிச்சதுப்பிலும் ஊறி ஊறி நிதானமாகக் கசிந்து வரும். இரண்டும் கலந்து, நமீபியாவின் ஒரு குறுகிய நிலப்பட்டையைக் கடந்து, மொஹெம்போ என்ற ஊரருகே போட்ஸ்வானாவுக்குள் நுழைகின்றன. அங்கே வெள்ளம் உச்சத்தை எட்டுவது பெரும்பாலும் ஏப்ரல் வாக்கில்.

மொஹெம்போவிலிருந்து மவுன் சுமார் 250 கி.மீ. தூரம்தான். அந்தத் தூரத்தைக் கடக்க வெள்ளத்துக்கு மூன்று, நான்கு மாதம் பிடிக்கிறது. நிலம் அவ்வளவு சமதளம். 250 கி.மீ. தூரத்துக்கும் சேர்த்து மொத்தச் சரிவு ஏறத்தாழ 60 மீட்டர். கிலோமீட்டருக்கு ஒரு சாண் இறக்கம். போதாததற்கு வழியெங்கும் கோரையும் நாணலும் தண்ணீரைப் பிடித்துப் பிடித்து விடுகின்றன. காவிரிப் பாசனத்தைப் பார்த்த தமிழருக்குக் ‘கடைமடை’ என்ற சொல் தெரியும். தலைமடை நிறைந்து வழிந்த பிறகுதான் கடைமடைக்கு முறை வரும். ஒகவாங்கோவின் கடைமடை மவுன்.

ஆண்டுக்குச் சராசரியாக 900 முதல் 1,000 கோடி கன மீட்டர் தண்ணீர் ஆற்றின் வழியே இந்தச் சதுப்புக்குள் வருகிறது. மேட்டூர் அணையின் முழுக் கொள்ளளவைப் போல மூன்று மடங்குக்கும் மேல். ஆனால் ஒரு சொட்டுகூடக் கடலைச் சேர்வதில்லை. 95 சதவீதத்துக்கும் அதிகமான நீர் வெயிலிலும் இலைகளின் வழியாகவும் ஆவியாகிவிடுகிறது. கொஞ்சம் நிலத்தடிக்கு இறங்குகிறது. எஞ்சிய சிறு பங்குதான் தமலகானே வழியாக மவுனைத் தாண்டிப் போகிறது.

இதில் இயற்கையின் ஓர் ஒத்திசைவு இருக்கிறது. உள்ளூரில் மழைக்காலம் நவம்பர் முதல் மார்ச் வரை. அப்போது சுற்றியுள்ள மோப்பனே மரக் காடுகளில் பள்ளம் தோறும் நீர் தேங்கும். யானையும் எருமையும் வரிக்குதிரையும் அங்கே சிதறிப்போய்விடும். ஏப்ரலுக்குப் பிறகு குட்டைகள் ஒவ்வொன்றாக வற்றத் தொடங்கும். விலங்குகள் தாகத்தோடு திரும்பும் அதே வாரங்களில் அங்கோலாவின் வெள்ளம் டெல்டாவை நிரப்பிக்கொண்டிருக்கும். ஊரே வறண்டு கிடக்கும் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில்தான் ஒகவாங்கோ தன் முழு அகலத்துக்கு விரிகிறது; நல்ல ஆண்டுகளில் 10,000 சதுர கிலோமீட்டரைத் தாண்டும்.

எந்த மாதம், எந்த முகாம்

இந்தக் கணக்கு புரிந்துவிட்டால் பயணத் திட்டத்தின் பாதி முடிந்துவிடும். ஒகவாங்கோவில் இரண்டு வகை முகாம்கள் உண்டு. சதுப்பின் உள்ளே, நிரந்தர நீருக்கு நடுவில் இருக்கும் தீவு முகாம்களில் எல்லாமே படகிலும் நடையிலும்தான். ஜீப் ஓட இடமே இருக்காது. டெல்டாவின் விளிம்பிலும் பெரிய தீவுகளிலும் உள்ள நில முகாம்களில் திறந்த ஜீப்பில் சுற்றலாம். முதல் வகையில் மட்டும் தங்கிவிட்டு ‘சிறுத்தையைப் பார்க்கவில்லை’ என்று வருந்துவோரும், இரண்டாம் வகையில் மட்டும் தங்கிவிட்டுத் தோணியில் ஏறாமலே திரும்புவோரும் உண்டு. ஆறு நாள் கையில் இருந்தால் மூன்று நாள் நீரிலும் மூன்று நாள் நிலத்திலும் என்று பிரித்துக்கொள்வது நல்லது.

மே, ஜூன் மாதங்களில் மேல் டெல்டாவில் நீர் ஏறத் தொடங்கியிருக்கும். புல் இன்னும் பசுமையாக இருக்கும். ஜூலையும் ஆகஸ்டும் தோணிப் பயணத்துக்கு ஏற்ற காலம். ஆனால் இது தெற்குக் கோளத்தின் குளிர்காலம். விடியற்காலை ஜீப்பில் கிளம்பும்போது குளிர் எலும்பைத் தொடும். ஆப்பிரிக்கா என்றால் வெயில் என்று நினைத்து வெறும் பருத்திச் சட்டையோடு வருபவர்கள் முதல் நாளே போர்வைக்குள் சுருண்டுகொள்வார்கள். செப்டம்பர், அக்டோபரில் தண்ணீர் வடிந்து நிலம் வெளிப்படும். வெப்பம் 40 டிகிரியை நெருங்கும். எஞ்சிய நீரைத் தேடி விலங்குகள் நெருக்கியடித்து நிற்கும். வேட்டை விலங்குகளைப் பார்க்க விரும்புவோர் அந்த வெயிலைப் பொறுத்துக்கொண்டு வருகிறார்கள்.

பறவைப் பிரியர்களின் காலண்டர் வேறு. செப்டம்பரில் ஆற்றின் செங்குத்தான மண்கரைகளைக் குடைந்து கூடு கட்டச் செம்பஞ்சுருட்டான்கள் கூட்டம் கூட்டமாக வந்து இறங்கும். கரை முழுவதும் குங்குமம் கொட்டியதுபோல் இருக்கும். அதே சமயத்தில் வடக்கே, டெல்டாவின் கைப்பிடி போன்ற மேல்பகுதியில், வெள்ளம் வடியும் வாய்க்கால்களில் கெளுத்தி மீன்கள் பெரும் படையாகத் திரண்டு சிறுமீன்களை வேட்டையாடும். தண்ணீருக்குள் அவை கோரைத் தண்டுகளை வாலால் அடிக்கும் ஓசை படகுக்குக் கேட்கும். அந்த ஓசை வரும் இடத்தில் மேலே கொக்கும் மீன்கழுகும், கீழே முதலையும் காத்திருக்கும். நவம்பரில் முதல் மழை விழுந்ததும் இம்பாலா மான்கள் சில வாரங்களுக்குள் மொத்தமாகக் குட்டி ஈனும். அது முகாம்களில் கட்டணம் குறையும் காலமும்கூட.

கரையான் கட்டிய தீவுகள்

சிறு விமானத்திலிருந்து கீழே பார்த்தால் பச்சை நீர்வெளியில் ஆயிரக்கணக்கான தீவுகள் தெரியும். பல தீவுகளின் நடுவில் வழுக்கைத் தலைபோல் ஒரு வெள்ளைத் திட்டு இருக்கும். அந்தத் திட்டுதான் ஒகவாங்கோ உயிரோடிருப்பதன் ரகசியம்.

ஆற்றுநீர் தெளிவாக இருந்தாலும் அதில் உப்புகள் கரைந்திருக்கின்றன. ஆண்டுதோறும் லட்சக்கணக்கான டன் உப்பு உள்ளே வருகிறது, நீர் ஆவியாகிறது, உப்பு தங்குகிறது. இந்தக் கணக்குப்படி ஒகவாங்கோ என்றோ உப்பளமாகியிருக்க வேண்டும். தென்கிழக்கே உள்ள மக்கடிக்கடி அப்படித்தான் ஆனது. ஒரு காலத்தில் பெரும் ஏரியாக இருந்த அது இன்று வெள்ளை உப்புவெளி. ஒகவாங்கோ மட்டும் எப்படி நன்னீராகவே இருக்கிறது?

விடை கரையானிலிருந்து தொடங்குகிறது. வறண்ட ஆண்டுகளில் சமவெளியில் கரையான்கள் புற்றெழுப்புகின்றன. வெள்ளம் திரும்பி வரும்போது எங்கும் நீர் சூழ, புற்றின் தலை மட்டும் வெளியே நிற்கும். பறவைகள் அதில் வந்து அமர்ந்து, தின்ற பழங்களின் விதையை எச்சமாக இடும். அத்தி முளைக்கும், கருங்காலி இனத்து மரங்கள் முளைக்கும். யானைகள் தின்று சாணத்தோடு போடும் கொட்டைகளிலிருந்து விசிறிப்பனைகள் எழும். அவை நம் பனையின் உறவுக் குடும்பத்தைச் சேர்ந்தவை. அந்த மரங்களின் வேர்கள் தீவைச் சுற்றியுள்ள நீரை உறிஞ்சுகின்றன. மரம் தண்ணீரை எடுத்துக்கொள்கிறது. உப்பைப் பின்னால் விட்டுவிடுகிறது. இதனால் தீவின் அடியில் நிலத்தடி நீர்மட்டம் தாழ, சுற்றியுள்ள சதுப்புநீர் தீவின் மையத்தை நோக்கிக் கசிகிறது. உப்பும் அதோடு மையத்துக்குப் போய்ச் சேர்கிறது.

காலப்போக்கில் நடுத்திட்டில் உப்பு மிகுந்து அங்குள்ள மரங்கள் பட்டுப்போகின்றன. தரை வெள்ளையாகப் பொரிந்து, உப்பைத் தாங்கும் முரட்டுப்புல் மட்டும் மிஞ்சும். அடர்ந்த உவர்நீர் கனத்தால் ஆழத்துக்கு இறங்கிவிடுகிறது. ஒவ்வொரு தீவும் சுற்றிலும் உள்ள நீரின் உப்பை வாங்கித் தன் வயிற்றில் வைத்துக்கொள்ளும் ஒரு வடிகட்டி. தென்னாப்பிரிக்க மண்ணியல் அறிஞர் டெரன்ஸ் மெக்கார்த்தியும் அவருடன் பணியாற்றியவர்களும் பல ஆண்டுகள் இந்தத் தீவுகளில் துளையிட்டு ஆராய்ந்து இந்த வேலைமுறையை விளக்கினார்கள்.

பயணத் திட்டத்தில் இதற்கும் இடமுண்டு. ஒரு காலைப்பொழுதையாவது ஜீப்பிலிருந்து இறங்கி, ஆயுதம் தாங்கிய வழிகாட்டியோடு ஒரு தீவின் விளிம்பிலிருந்து நடு வரை நடந்து பார்க்க வேண்டும். நிழலடர்ந்த அத்தியில் தொடங்கி, பனைகளைக் கடந்து, காலடியில் நொறுங்கும் உப்புத்தரையில் முடியும் அந்தச் சில நூறு அடியில் டெல்டாவின் முழு வரலாறும் இருக்கிறது.

இடம் மாறும் வாய்க்கால்கள்

ஒகவாங்கோவின் வரைபடம் சீக்கிரம் பழசாகிவிடும். ஆறு நீரோடு மணலையும் உருட்டிக்கொண்டு வருகிறது. வாய்க்காலின் இரு கரையிலும் கோரை இனத்தைச் சேர்ந்த பாப்பிரஸ் ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்து நிற்கிறது. பண்டைய எகிப்தியர் எழுத்துச்சுருள் செய்த அதே செடி. அதன் வேர்த்தொகுதி வழியே நீர் பக்கவாட்டில் கசிந்துவிடும். மணல் மட்டும் வாய்க்காலின் அடியில் படியும். படியப் படியத் தரை உயர்ந்து, ஒருநாள் வாய்க்கால் தன் பாதையைக் கைவிட்டுத் தாழ்வான வேறு பக்கம் திரும்பும். அந்தப் புதுப்பாதையைத் திறந்துவைப்பது பல இடங்களில் நீர்யானை. இரவில் மேயப்போய்த் திரும்பும் அதன் கனத்த உடல், செடிகளை மிதித்து ஒதுக்கி நீருக்கு வழி செய்கிறது.

தரையும் அசைகிறது. கிழக்கு ஆப்பிரிக்கப் பெரும்பிளவின் தென்மேற்குக் கிளை இங்கே வந்து முடிகிறது என்பது மண்ணியலாளர்களின் கணிப்பு. இணையாக ஓடும் பிளவுகளுக்கு நடுவே நிலம் தாழ்ந்ததால்தான் ஆறு இங்கே விசிறியாக விரிந்தது. 1952-ல் இந்தப் பகுதியை ஒரு வலுவான நிலநடுக்கம் குலுக்கியது. ஒரு சாண் இறக்கத்தில் ஓடும் நீருக்கு, தரை கையளவு அசைந்தாலும் திசை மாறிவிடும்.

சவுட்டி என்ற வாய்க்கால் 1980-களின் தொடக்கத்தில் வற்றியது. கால் நூற்றாண்டு கழித்து, 2008-க்குப் பிறகு, அதில் மறுபடி தண்ணீர் ஓடியது. 1849-ல் டேவிட் லிவிங்ஸ்டன் கண்ட நகாமி ஏரி பிறகு பலமுறை புழுதிக்காடாகவும் பலமுறை ஏரியாகவும் மாறியிருக்கிறது. 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் சாலைகள் மூழ்கும் அளவுக்கு வெள்ளம். 2019-ல் கடும் வறட்சி. ஆகவே, நண்பர் ஒருவர் ஐந்து ஆண்டுக்கு முன் போய்வந்த முகாமில் ‘தோணிப் பயணம் உண்டு’ என்று சொன்னதை நம்பி முன்பதிவு செய்யக் கூடாது. பயணம் போகும் ஆண்டின் ஏப்ரலில் மொஹெம்போவில் நீர்மட்டம் என்ன என்று முகாமில் கேட்டால், ஜூலையில் எப்படியிருக்கும் என்பதை அவர்களே சொல்லிவிடுவார்கள்.

தோணியில் இரண்டு மணி நேரம்

டெல்டாவின் தோணிக்கு ‘மொகோரோ’ என்று பெயர். மரத்தைக் குடைந்து செய்யும் இந்தத் தோணியை இங்கே கொண்டுவந்தவர்கள் பாயேயி மக்கள். ஒரு தோணிக்கு முதிர்ந்த ஒரு மரம் தேவை. அதனால் இப்போது பயணிகளுக்கு ஓட்டப்படுபவை பெரும்பாலும் கண்ணாடியிழைத் தோணிகள். வடிவம் பழையதுதான். இரண்டு பேர் ஒருவர்பின் ஒருவராகக் காலை நீட்டி உட்கார, படகோட்டி பின்முனையில் நின்று நீண்ட கழியால் ஊன்றித் தள்ளுவார். எஞ்சின் இல்லை. கழி நீரில் இறங்கும் ‘சளக்’ ஓசை மட்டும்.

உட்கார்ந்தால் கண்மட்டம் தண்ணீருக்கு இரண்டடி மேலேதான். நாணல் தண்டில் ஒட்டியிருக்கும் சிறு தவளை முகத்துக்கு நேரே வரும். விரல்நுனி அளவு உடம்பில் வெள்ளையும் கறுப்புமாகக் கோடுகள். தோணி அல்லிக்கொடிகளை விலக்கிக்கொண்டு போகும்போது நீலநிறப் பூக்கள் இருபுறமும் உரசும். இலங்கையின் தேசிய மலரான நீலோற்பலத்தின் இனமே இந்த அல்லி. இலைமேல் நீண்ட விரல்களைப் பரப்பி இலைக்கோழி நடக்கும். முட்டையை அடைகாப்பதும் குஞ்சு வளர்ப்பதும் அதில் ஆணின் வேலை. ஆபத்து வந்தால் குஞ்சுகளைச் சிறகுக்கு அடியில் அள்ளிக்கொண்டு ஓடும். அப்போது அப்பாவின் இடுப்பிலிருந்து குஞ்சுகளின் குச்சிக்கால்கள் வெளியே தொங்கிக்கொண்டிருக்கும்.

தோணி ஏன் ஆழமற்ற ஓரங்களிலேயே போகிறது என்று பயணிகள் கேட்பதுண்டு. ஆழம் நீர்யானையின் இடம். பகல் முழுவதும் அது அங்கே மூழ்கிக் கிடக்கும். தன் மேல் தோணி வருவதை அது பொறுக்காது. படகோட்டி நின்றுவிட்டால் பயணியும் அசையாமல் இருக்க வேண்டும். நீரில் கை விடுவது, தோணியில் எழுந்து நிற்பது இரண்டும் கூடாது.

தும்மி முடிவெடுக்கும் நாய்கள்

நிலத்துக்கு வந்தால் முதலில் கண்ணில் படுவது லெச்வே என்னும் செந்நிற மான். அதன் குளம்புகள் நீண்டு விரிந்தவை. முழங்கால் நீரில் மற்ற மான்கள் தடுமாறும்போது இது துள்ளி ஓடும். அதனால் துரத்தப்பட்டால் தண்ணீரை நோக்கியே ஓடுகிறது. இன்னும் உள்ளே, பாப்பிரஸ் காட்டில் வாழும் சிடடுங்கா மான் ஆபத்து வந்தால் மூக்கு மட்டும் வெளியே தெரிய நீரில் மூழ்கி நிற்கும்.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை வருபவர்களுக்கு ஒரு கூடுதல் வாய்ப்பு உண்டு. உலகில் சில ஆயிரமே எஞ்சியிருக்கும் ஆப்பிரிக்கக் காட்டு நாய்கள் அந்த மாதங்களில் வளையில் குட்டி வைத்திருக்கும். மற்ற காலத்தில் நாளுக்குப் பல கிலோமீட்டர் அலையும் கூட்டம் அப்போது ஒரே இடத்துக்குத் திரும்பித் திரும்பி வரும். ஒகவாங்கோவில் இந்த நாய்களைக் கவனித்த ஆய்வாளர்கள் 2017-ல் ஒரு விந்தையை வெளியிட்டார்கள். வேட்டைக்குக் கிளம்பும் முன் நாய்கள் ஒன்றையொன்று முகர்ந்து, குழைந்து, கூடிக் குலாவும். அப்போது எத்தனை தும்மல் விழுகிறதோ அதைப் பொறுத்தே கூட்டம் கிளம்புவதா படுப்பதா என்று முடிவாகிறது. கூட்டத்தின் தலைமை நாய் அழைத்தால் மூன்று தும்மல் போதும். கீழ்நிலையில் உள்ள நாய் அழைத்தால் பத்துத் தும்மலாவது தேவை. மாலை நாலரை மணிக்கு, வெயில் தாழும் நேரத்தில், நாய்க்கூட்டத்தின் அருகே ஜீப்பை நிறுத்தி எஞ்சினை அணைத்தால் இதைக் காதாலேயே கேட்கலாம். வழிகாட்டியை அவசரப்படுத்தாமல் அரைமணி காத்திருக்கத் தயாராக இருக்க வேண்டும்.

வரிக்குதிரைகளின் கதை வேறு வகையில் வியப்பானது. கால்நடை நோயைத் தடுக்க 1968-ல் போடப்பட்ட ஒரு வேலி, ஒகவாங்கோவுக்கும் மக்கடிக்கடிக்கும் இடையிலான வழியை 2004 வரை மறித்து நின்றது. வேலி அகற்றப்பட்ட சில ஆண்டுகளில், அந்தப் பாதையை ஒருபோதும் கண்டிராத வரிக்குதிரைகள் ஒரு வழிக்கு ஏறத்தாழ 250 கி.மீ. நடந்து மக்கடிக்கடியின் மழைப்புல்லைத் தேடிப் போகத் தொடங்கியதைக் கழுத்துப்பட்டைக் கருவிகள் காட்டின.

பையும் ஊசியும்

மவுனிலிருந்து உட்புற முகாம்களுக்குச் சாலை கிடையாது. பத்துப் பன்னிரண்டு பேர் ஏறும் சிறு விமானம் மண் ஓடுதளத்தில் இறங்கும். சில வேளை யானை விலகும்வரை மேலேயே வட்டமடிக்கும். சரக்குப்பகுதி விமானத்தின் வயிற்றில் ஒரு குறுகிய பொந்து. அதனால்தான் சக்கரம் வைத்த கெட்டிப்பெட்டிக்கு அனுமதியில்லை. மடங்கும் துணிப்பையில் 15 முதல் 20 கிலோ வரைதான், கேமராவும் சேர்த்து.

வடபோட்ஸ்வானாவில் மலேரியா உண்டு. நவம்பர் முதல் ஜூன் வரை அபாயம் அதிகம். கிளம்பும் முன் மருத்துவரிடம் தடுப்பு மாத்திரை கேட்டு வாங்க வேண்டும். அடிஸ் அபாபா, நைரோபி போன்ற மஞ்சள் காய்ச்சல் பகுதிகளின் வழியாக விமானம் மாறுபவர்கள் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழையும் கையில் வைத்திருக்க வேண்டும். அது இல்லாமல் அப்பகுதிகளிலிருந்து திரும்புவோரை இந்தியா 6 நாள் வரை தனிமைப்படுத்தலாம். சென்னையில் கிண்டி கிங் ஆய்வு நிலையத்தில் இந்த ஊசி போடப்படுகிறது. போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் சான்றிதழ் செல்லும் என்பதால் கடைசி வாரத்துக்கு இதைத் தள்ளிப்போடக் கூடாது.

பழைய பயண நூல்கள் ‘நீலத்துணி உடுத்தாதே, செட்ஸி ஈ கடிக்கும்’ என்று எச்சரிக்கும். உறக்கநோயைப் பரப்பும் அந்த ஈ ஒருகாலத்தில் டெல்டாவின் காவலன். அதற்குப் பயந்தே கால்நடைகள் உள்ளே வரவில்லை. 2001, 2002 ஆண்டுகளில் இரவுநேர விமானங்கள் சுமார் 16,000 சதுர கிலோமீட்டரில் மிகக் குறைந்த அளவு பூச்சிமருந்தைத் தெளித்து ஈயை ஒழித்தன.

செலவைப் பொறுத்தவரை, குறைந்த கூட்டம், உயர்ந்த கட்டணம் என்பது போட்ஸ்வானாவின் கொள்கை. உட்புற முகாம்களில் உச்சப் பருவத்தில் ஓர் இரவுக்கு ஒருவருக்கு ஆயிரம் டாலரைத் தாண்டுவது சாதாரணம். அவ்வளவு முடியாதவர்களுக்கும் வழியிருக்கிறது. வாடகை ஜீப்பில் கூடாரத்தோடு மொரேமி காப்பகத்தின் கூடாரத் திடல்களில் தங்கலாம். இடங்கள் குறைவு, பல மாதம் முன்பே பதிய வேண்டும். மவுனிலிருந்து கிராம அமைப்புகள் நடத்தும் ஒருநாள் மொகோரோப் பயணமும் உண்டு.

சதுப்பின் மக்கள்

மொரேமி காப்பகத்துக்குத் தனி வரலாறு உண்டு. வேட்டையால் விலங்குகள் அழிவதைக் கண்ட படவானா மக்கள், தலைவர் மூன்றாம் மொரேமியின் மனைவி பூலானே மொரேமியின் தலைமையில், 1963-ல் தங்கள் சொந்த நிலத்தையே காப்பகமாக அறிவித்தார்கள். இன்று அது 5,000 சதுர கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான பரப்பு.

காப்பகத்தின் விளிம்பில் மாடு மேய்ப்பவர்களுக்குச் சிங்கம் புகைப்படப் பொருளல்ல. மாட்டைக் கொல்லும் பகை. அந்தப் பகையைத் தணிக்க ஓர் எளிய வழியை ஆய்வாளர்கள் இங்கே சோதித்தார்கள். 14 மந்தைகளில் 2,061 மாடுகள். சிலவற்றின் பின்புறத்தில் இரண்டு பெரிய கண்கள் வரையப்பட்டன, சிலவற்றில் வெறும் பெருக்கல் குறி, மற்றவற்றில் எதுவுமில்லை. பதுங்கித் தாக்கும் விலங்கு, இரை தன்னைப் பார்த்துவிட்டது என்று உணர்ந்தால் பெரும்பாலும் பின்வாங்கும் என்பதே இதன் அடிப்படை. நான்கு ஆண்டுகளில் கண் வரைந்த 683 மாடுகளில் ஒன்றுகூடச் சிங்கத்துக்கோ சிறுத்தைக்கோ பலியாகவில்லை. எதுவும் வரையாத 835-ல் 15 பலியாயின. குறியிட்ட 543-ல் 4. 2020-ல் வெளியான இந்த முடிவுக்குத் தேவைப்பட்டதெல்லாம் கொஞ்சம் சாயமும் காலையில் சில நிமிட நேரமும்தான்.

யானை இன்னும் பெரிய சிக்கல். 2022 கணக்கெடுப்பின்படி போட்ஸ்வானாவில் ஏறத்தாழ 1,32,000 யானைகள். மனிதர்கள் சுமார் 24 லட்சம். டெல்டாவின் கைப்பிடிப் பகுதிக்குக் கிழக்கே உள்ள கிராமங்களில், மக்கள்தொகைக்கு ஈடாக யானைகள் இருக்கின்றன. விளைந்த சோளத்தை ஓர் இரவில் இழந்த குடும்பத்துக்குச் சுற்றுலாவின் வருமானம் போய்ச் சேராவிட்டால் பாதுகாப்பு நிலைக்காது. முகாமைத் தேர்ந்தெடுக்கும்போது, அங்கே யார் வேலை செய்கிறார்கள், குத்தகைப் பணத்தில் கிராமத்துக்கு என்ன போகிறது என்று கேட்பது பயணியின் உரிமை, பொறுப்பும்கூட. விசிறிப்பனை ஓலையில் அம்புகுஷு, பாயேயிப் பெண்கள் பின்னும் கூடைகளை அவர்களிடமே வாங்கலாம். ஒரு நல்ல கூடைக்கு வாரக்கணக்கில் உழைப்பு இருக்கிறது.

ஆற்றின் தலைமாட்டில்

2020-ல் அந்தக் கைப்பிடிப் பகுதியில் சுமார் 350 யானைகள் சில மாதங்களுக்குள் மடிந்தன. சில முகம் குப்புற விழுந்து கிடந்தன. தந்தங்கள் அப்படியே இருந்ததால் கள்ளவேட்டை என்ற ஐயம் விலகியது. தேங்கிய குட்டைகளில் பெருகிய நீலப்பசும்பாசியின் நச்சே காரணம் என்று அரசு அறிவித்தது. பின்னர் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு நடந்த ஆய்வும் அதே திசையைக் காட்டியது. நீர் சூடேறித் தேங்கினால் என்ன ஆகும் என்பதற்கு அது ஒரு கொடிய எடுத்துக்காட்டு.

டெல்டா போட்ஸ்வானாவில் இருக்கிறது. அதற்குள் வரும் ஆற்றுநீர் ஏறத்தாழ முழுவதும் அங்கோலாவில் பிறக்கிறது. அங்கே 1975 முதல் 2002 வரை நடந்த உள்நாட்டுப் போர் ஊற்றுநிலங்களைக் கண்ணிவெடிகளால் நிரப்பியது. ஆட்கள் போக அஞ்சியதால் காடு தப்பியது. அதே அச்சத்தால் அதைக் காக்கவும் ஆளில்லாமல் போனது. இப்போது வெடிகள் அகற்றப்படுகின்றன. அகற்றிய இடத்தில் காடெரிப்பும் கரி சுடுவதும் நுழையுமா, பாதுகாப்பு நுழையுமா என்பதில்தான் ஒகவாங்கோவின் எதிர்காலம் இருக்கிறது. இடையில் நமீபியாவின் காவாங்கோ பகுதியில் 2021-ல் எண்ணெய்க்காகச் சோதனைத் துளைகள் இடப்பட்டன. பாசனத்துக்கு நீரெடுக்கும் திட்டங்களும் பேச்சில் வந்து போகின்றன. மூன்று நாடுகளும் 1994-ல் ஒரு கூட்டு ஆணையம் அமைத்தன. மேலே ஒரு மதகு திறந்தாலும் மூடினாலும் மாதங்கள் கழித்துத் தெரியப்போவது கீழே உள்ள சதுப்பில். அதனால் அந்த ஆணையத்தின் பேச்சுவார்த்தைகள் லெச்வே மானின் மேய்ச்சலையும் படகோட்டியின் கூலியையும் சேர்த்தே தீர்மானிக்கின்றன.

நவம்பர் கடைசியில் முகாம்களில் கூட்டம் குறையும். மவுனில் தமலகானே மறுபடி மெலிந்து, ஆங்காங்கே குட்டையாகும். அல்லிக்கொடிகள் சேற்றில் சுருண்டு கிடக்கும். அந்த வாரங்களில் வடக்கே, குவிட்டோவின் ஊற்றேரிகளின் மேல் மேகம் திரண்டு கனமழை இறங்கும். கரிச்சதுப்பு அதை உறிஞ்சிக்கொண்டு சொட்டுச் சொட்டாக ஆற்றில் விடும். அடுத்த ஜூலைக்கு மவுனில் ஒரு மொகோரோவைப் பதிந்து வைத்திருப்பவரின் தோணி மிதக்கப்போவது அந்தத் தண்ணீரில்தான்.